ஆண்டுவிழாவுக்கு முன் ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். மகள் பள்ளி ஆண்டுவிழாவில் பரதம் ஆடுகிறாள். தன்னிடம் இருப்பது கிராப் சென்சார் கேமரா, அதாவது படம் பதிகிற சில்லு (சென்சார்) 35 எம்.எம். ஃபிலிமைவிடச் சின்னது. நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய 85 எம்.எம். லென்ஸை (இந்த எண் கூடக்கூட லென்ஸ் தூரத்தை நெருக்கிக் காட்டும்), 1.8 அப்பெர்ச்சர் உள்ளது (ஒளி புகும் வாசலின் எண், சின்னதானால் வாசல் பெரிது), குறைந்த விலைக்குத் தருகிறாராம். ஆனால் அது ஃபுல் ஃப்ரேம் லென்ஸ், பெரிய சென்சாருக்கென்று செய்தது. வாங்கலாமா?

உங்கள் நிபுணர் மூன்றே வரியில் முடித்துவிட்டார். ஃபுல் ஃப்ரேம் லென்ஸை கிராப் கேமராவில் போடுவது வீண், பாதி லென்ஸ்தான் வேலை செய்யும். 85 என்பது 127 ஆக மாறிவிடும். கேமராவோடு வந்த லென்ஸே போதும்.

நான் அம்பாசமுத்திரத்தில் நாற்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். எனக்கு முன்னால் அப்பா வைத்திருந்தார், இப்போது மருமகன், அதாவது அக்கா மகன், நடத்துகிறான். அந்தப் பதிலைப் படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளம் என்று பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கடையில் ஒரு யாஷிகா 635 இருந்தது. இரண்டு கண் வைத்த பெட்டிக் கேமரா, மேலே மூடியைத் திறந்து குனிந்து பார்ப்பது. 1958இல் வந்த மாடல். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் யாஷிகா பெட்டிகள் நிறைய இருந்தாலும் 635இல் ஒரு விசேஷம் உண்டு. சாதாரணமாக 120 ரோல் போட்டு 6க்கு 6 சென்டிமீட்டர் சதுரப் படம் எடுக்கலாம், ரோலுக்குப் பன்னிரண்டு. கூடவே வரும் சில்லறைச் சாமான்களை உள்ளே பொருத்தினால் அதே பெட்டியில் 35 எம்.எம். ஃபிலிமும் ஓடும். 6ம் 35ம் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். லென்ஸ் மட்டும் ஒன்றேதான், 80 எம்.எம். அதைக் கழற்றவும் முடியாது.

120 ரோலில் மாப்பிள்ளையும் பெண்ணும் தலைமுதல் கால்வரை நிற்பார்கள். அதே இடத்தில், அதே முக்காலியில் வைத்து 35 ஃபிலிமைப் போட்டால் முழங்காலுக்கு மேலேதான் விழும். ஃபிலிம் செங்குத்தாக ஓடுவதால் படம் தானாகவே நெட்டுவாக்கில் அமையும். தனியாள் படத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? அப்பா குனிந்து பார்க்கும் கண்ணாடியில் பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் போட்டு வைத்திருந்தார். கட்டத்துக்குள் இருப்பது மட்டும் விழும். நான் பத்துப் பன்னிரண்டு வயதில், "லென்ஸ் பெரிசாயிருச்சாப்பா?" என்று கேட்டேன். "லென்ஸ் அங்கனயேதான் இருக்கு. ஃபிலிம்தாம்ல சின்னது" என்றார்.

உங்கள் நிபுணருக்கு நான் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான். அன்றைக்கு யாரும் அந்தப் பெட்டியைப் பார்த்து, பாதி லென்ஸ் வீணாகிறதே என்று வருத்தப்படவில்லை. இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். இன்றைக்கு "ஃபுல் ஃப்ரேம்" என்று பயபக்தியோடு சொல்கிறோமே, 36க்கு 24 மில்லிமீட்டர், அது அந்த 35 ஃபிலிமின் அளவுதான். 120 ரோல் ஓட்டிய எங்கள் அப்பா தலைமுறைக்கு அதுவே சில்லறைச் சைஸ்.

டிஜிட்டல் வந்த கதைக்கு வருவோம். 1999இல் நிக்கான் டி1 வந்தபோது 36க்கு 24 அளவில் சென்சார் செய்வது பெரிய செலவு. அதனால் அகலத்தை ஏறக்குறைய 24 மில்லிமீட்டராகவும் உயரத்தை 16ஆகவும் குறைத்துக்கொண்டார்கள். கேனன் இன்னும் கொஞ்சம் குறைத்து 22க்கு 15 என்று வைத்தது. லென்ஸ் மாட்டும் வாயை மட்டும் மாற்றவில்லை. நிக்கானின் வாய் 1959இலிருந்து இருப்பது, கேனனுடையது 1987இலிருந்து. இத்தனை வருஷமாக லென்ஸ் வாங்கிச் சேர்த்தவர்களை நடுத்தெருவில் விட்டால் யார் கேமரா வாங்குவார்கள்? ஆக, கிராப் கேமரா முதலில் கைக்கு வந்தபோது அதில் மாட்டியது எல்லாம் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ்கள்தான். சின்ன சென்சாருக்கென்றே லென்ஸ் வந்தது அதற்கு மூன்று நான்கு வருஷம் கழித்து, 2003 வாக்கில். வீண் என்றால் அந்த நாலு வருஷம் உலகம் முழுக்க எடுத்த படமெல்லாம் வீண்.

"85 என்பது 127 ஆகிவிடும்" என்பதற்கு வருகிறேன். நிக்கானில் 1.5ஆல், கேனனில் 1.6ஆல் பெருக்கச் சொல்வது, படத்துக்குள் எவ்வளவு இடம் விழும் என்று பழைய ஃபிலிம்காரனுக்குப் புரியவைக்கும் கணக்கு. லென்ஸில் எதுவும் மாறுவதில்லை. இதில் பெரிய குழப்பம் என்னவென்றால், ஃபுல் ஃப்ரேம் லென்ஸை மட்டும் பெருக்க வேண்டும், கிராப் கேமராவுக்கென்று செய்த லென்ஸைப் பெருக்க வேண்டாம் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். மருமகனும் அப்படித்தான் நினைத்திருந்தான். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 50இல் வைத்து எதிர்ச்சுவரிலிருக்கும் காலண்டரை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். கழற்றிவிட்டு ஃபுல் ஃப்ரேம் 50ஐ மாட்டி, அதே இடத்தில் நின்று இன்னொன்று. இரண்டிலும் அதே முருகன், அதே அளவு. சந்தேகம் இருப்பவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ஐந்து நிமிஷம் ஆகாது.

இவ்வளவு பேசுகிற நானும் ஒருமுறை இந்தக் கணக்கைச் சரியாகப் போடாமல் அவமானப்பட்டிருக்கிறேன். 2005இல் முதல் டிஜிட்டல் பாடி, அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா, வாங்கினேன், நிக்கான் டி70. பீரோவில் ஃபிலிம் காலத்து லென்ஸ் நாலு இருந்ததால் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மறுவாரமே கல்லிடைக்குறிச்சியில் ஒரு நிச்சயதார்த்தம். பழைய வீடு, நீளமான பட்டாசல் (வீட்டுக் கூடம்), ஆனால் ஒடுக்கம். ஃபிலிம் கேமராவில் என்னுடைய 28 எம்.எம். லென்ஸைப் போட்டால் 13 அடிக்கு நிற்கிற கூட்டத்தை 10 அடியில் நின்று அடக்கிவிடலாம். இந்தச் சின்ன சென்சாரில் அதற்கு 15 அடிக்கு மேல் வேண்டும். குடும்பத்தை வரிசையாக நிற்க வைத்துவிட்டு நான் பின்னால் போகிறேன், போகிறேன், முதுகு சுவரில் இடிக்கிறது, இன்னும் இரண்டு பக்கமும் ஆள் வெளியே நிற்கிறது. கடைசியில் எல்லோரையும் திருப்பி நிறுத்திவிட்டு, நான் வாசல்படி தாண்டித் தெருவில் இறங்கி நின்று எடுத்தேன். படத்தில் கதவு நிலை இரண்டு பக்கமும் கறுப்பாக விழுந்திருந்தது. அப்படியும் பெண்ணின் அத்தை ஒருவர் பாதிதான் வந்தார். ஆல்பம் கொடுக்கப் போன அன்றைக்கு அந்த அம்மாள் என்னிடம் பேசவே இல்லை.

ஆக, ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் கிராப் பாடியில் எங்கே கையை விடும் என்றால் அகலத்தில்தான். அதற்கு 24-70 ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கும். 24 என்பது 36 எம்.எம். பார்க்கிற அளவுக்குத்தான் பார்க்கும், விலையோ கேமராவோடு வரும் லென்ஸ் மூன்றுக்கு மேல், எடையும் அப்படியே. வீட்டு விசேஷம், பந்தி, கோயில் பிராகாரம் என்று எடுப்பவர்கள் கிராப் பாடிக்கென்றே செய்த சின்ன லென்ஸ் வாங்குவதுதான் புத்தி. 18இல் தொடங்குகிறது, 10இல் தொடங்குகிறது, அதில் ஒன்று. இந்த இடத்தில் மட்டும் உங்கள் நிபுணர் சொன்னது செல்லும். ஆனால் அந்த வாசகர் கேட்டது பட்டாசல் படம் இல்லையே.

தூரத்துக்குப் போனால் கணக்கு அப்படியே திரும்பிவிடும். தை மாசி மாதங்களில் நான் கூந்தன்குளம் போவேன். எங்கள் மாவட்டத்துப் பறவைச் சரணாலயம், நாங்குநேரிப் பக்கம். சங்குவளை நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமில்லாமல் ஊருக்குள்ளே வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் விரட்ட மாட்டார்கள், பட்டாசுகூட வெடிக்க மாட்டார்கள். நாம்தான் எட்டி நின்று எடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது 300 எம்.எம்., 4 அப்பெர்ச்சர், ஃபுல் ஃப்ரேமுக்குச் செய்த லென்ஸ். 100 அடி தூரத்தில் ஒரு நாரை நிற்கிறது, மூன்றடி உயரம். ஃபுல் ஃப்ரேம் பாடியில் படத்தின் உயரம் அந்தத் தூரத்தில் 8 அடியைப் பிடிக்கும், நாரை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கிராப் பாடியில் 5 அடி சொச்சம்தான் விழும். நாரை பாதிக்கு மேல் நிறைந்து நிற்கும். அதே லென்ஸ், அதே கிளை. ஒரு காசு கூடுதலாகச் செலவில்லை.

இதை ஓசியில் கிடைத்த நீளம் என்று சிலர் குதிப்பார்கள். அதுவும் சரியில்லை. ஃபுல் ஃப்ரேமில் எடுத்து வீட்டில் ஓரத்தை வெட்டினாலும் அதே படம்தான். வெட்டியபின் எத்தனை மெகாபிக்சல் மிஞ்சுகிறது என்பதில்தான் விஷயம். நிக்கான் டி850, 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம், கிராப் அளவுக்கு வெட்டினால் 19 சொச்சம் மிஞ்சும். கிராப் பாடியான டி500 தருவது 20 சொச்சம். நாரைக்கு இரண்டும் ஒன்றுதான். விலையில்தான் ஒன்றில்லை.

கிராப் பாடிக்கென்றே ஒரு 300 எம்.எம்., 4 அப்பெர்ச்சர் லென்ஸ் செய்து சின்னதாகத் தரலாமே என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. 300ஐ 4ஆல் வகுத்தால் 75. ஒளி உள்ளே போகிற வாசல் 75 மில்லிமீட்டராவது இருந்தால்தான் அதற்கு 4 என்று பெயர். பின்னால் சென்சார் சின்னது என்பதற்காக அந்த வாசல் சுருங்காது. எடையில் பெரும்பங்கு அந்த முன்கண்ணாடியில்தான் இருக்கிறது. அதனால் வெளிச்சமுள்ள நீள லென்ஸ்களைக் கம்பெனிகள் பெரும்பாலும் ஃபுல் ஃப்ரேமுக்கே செய்துவிடுகின்றன.

பாதி லென்ஸ்தான் வேலை செய்யும் என்றாரே, அதில் ஒரு சுகமும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. எந்த லென்ஸானாலும் நடுவில்தான் நன்றாக இருக்கும். ஓரத்தில் மங்கும், மூலையில் இருட்டடிக்கும், கோடு வளையும். கிராப் சென்சார் அந்த ஓரத்தை எடுத்துக்கொள்வதே இல்லை. என்னுடைய ஃபிலிம் காலத்து 80-200 லென்ஸின் வாசலை முழுசாகத் திறந்தால் மூலைகள் கறுக்கும், ஃபிலிமில் அது தெரியும். டி70இல் போட்டபோது அந்தக் கறுப்பைக் காணவில்லை.

சிக்கல் என்னவென்றால், மீதியிருக்கிற நடுப்பகுதியை அதிகமாகப் பெருக்க வேண்டியிருக்கிறது. என்லார்ஜரில் (ஃபிலிமைப் பெரிதாக்கித் தாளில் அச்சிடும் கருவி) நின்றவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆல்பத்துக்கு 12க்கு 18 அங்குலத் தாள் போடுகிறோம். 36 மில்லிமீட்டர் அகலத்தை 18 அங்குலம் ஆக்க 13 மடங்குக்கும் குறைவாகப் பெருக்கினால் போதும். கிராப் சென்சாரின் இருபத்து மூன்றரையை அந்த அகலத்துக்கு இழுக்க 19 மடங்குக்கு மேல் ஆகும். லென்ஸில் இருக்கிற சின்னக் குறையும், கை நடுக்கமும், ஃபோகஸில் விட்ட நூலிழையும் சேர்ந்து அத்தனை மடங்கு பெரிதாகும். 2015இல் 24 மெகாபிக்சல் டி7200 வாங்கி அதே 80-200ஐ மாட்டிப் பார்த்தேன். டி70இல் கண்ணாடியாக இருந்த லென்ஸ் 2.8 அப்பெர்ச்சரில் கொஞ்சம் சோப்பு தடவியதுபோல இருந்தது. 4இல் வைத்தால் சரி. லென்ஸுக்கு வயசாகிவிடவில்லை, சென்சார் கேட்கிற கேள்வி கடினமாகிவிட்டது.

கை நடுக்கத்துக்கும் அதே கணக்கு. 200 எம்.எம். என்றால் ஷட்டர் ஒரு வினாடியில் 200இல் ஒரு பங்கு போதும் என்பது ஃபிலிம் கால வழக்கம். கிராப் பாடியில் 300இல் ஒரு பங்கு வையுங்கள்.

இனி, அந்த வாசகரிடம் உங்கள் நிபுணர் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி. நண்பருடைய லென்ஸுக்குள் ஃபோகஸ் செய்யும் மோட்டார் இருக்கிறதா?

மருமகன் முதல் தனி ஆர்டர் பிடித்தபோது, எனக்குச் சொல்லாமல் போய் ஒரு சின்ன கிராப் பாடியும் பழைய 50 எம்.எம். லென்ஸ் ஒன்றும் வாங்கி வந்தான். வாங்கிய கடையின் பேர் வேண்டாம். "மாட்டும் தம்பி" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மாட்டியது உண்மைதான், சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அந்த லென்ஸில் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கிற மோட்டார் ஒரு சின்னத் திருப்புளி போல நீட்டி லென்ஸைத் திருப்ப வேண்டும். அந்தப் பாடியில் அதுவும் கிடையாது. முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் முன்னால் மண்டபத்திலிருந்து போன். "மாமா, ஃபோகஸ் ஆக மாட்டேங்குது, ரிப்பேரா?" நான் பைக்கில் போய்ச் சேர்வதற்குள் தாலி கட்டியாகிவிட்டது. கையால் திருப்பித் திருப்பி எடுத்திருந்தான். பதினாறு படத்தில் மூன்று தேறியது. அந்த மூன்று நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிக்கானில் டி40இலிருந்து டி3000, டி5000 வரிசைகள் வரை பாடிக்குள் மோட்டார் இல்லை. அவற்றுக்கு லென்ஸில் ஏ.எஃப்-எஸ் என்று எழுதியிருக்க வேண்டும், அவற்றில் புதிய பாடிகளுக்கு மட்டும் ஏ.எஃப்-பி என்றிருந்தாலும் சரி. டி70, டி90, டி7000 வரிசை, டி500 இவற்றில் மோட்டார் உண்டு. கேனன் 1987லேயே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. கேனனில் கிராப் பாடிக்கான இ.எஃப்-எஸ் லென்ஸ், கேனனின் ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த டிஜிட்டல் கேமரா) மாட்டவே மாட்டாது. வெள்ளைச் சதுரம் போட்டிருந்தால் கிராப்புக்கு, சிவப்புப் புள்ளி போட்டிருந்தால் ஃபுல் ஃப்ரேம். பெரும்பாலான கிராப் பாடிகளில் இரண்டு குறியும் இருக்கும். 2018இலிருந்து வந்த மிரர்லெஸ் பாடி, அதாவது உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாதது, என்றால் இரண்டு கம்பெனியிலும் வாய் வேறு, நடுவில் அடாப்டர் வேண்டும். நிக்கானின் அடாப்டரிலும் அந்தத் திருப்புளி இல்லை.

இனி அந்தக் குழந்தையின் நடனம். பெற்றோருக்குப் போட்டிருக்கிற நாற்காலியிலிருந்து மேடை 30 அடி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 85 எம்.எம். லென்ஸ், நிக்கான் கிராப் பாடி, கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தால் அங்கே 8 அடி உயரமும் ஐந்தரை அடி அகலமும் விழும். நாலடிக் குழந்தை அரைமண்டியில் உட்கார்ந்தாலும் கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் உள்ளே இருப்பாள், சலங்கையும் வெட்டுப்படாது. ஃபுல் ஃப்ரேமில் இதே லென்ஸ் என்றால் அவள் இன்னும் சின்னதாகத்தான் தெரிவாள். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் 55இல் 5.6க்கு மேல் திறக்காது. நண்பரின் லென்ஸ் 1.8. இரண்டுக்கும் நடுவில் ஒளி ஏறக்குறைய பத்து மடங்கு. பள்ளி மேடையில் சிவப்பும் நீலமுமாக விளக்குப் போட்டுப் படுத்துவார்கள். 5.6இல் ஜதி போடுகிற கால் வெறும் புகையாகத்தான் விழும். 2இல் வைத்து, ஷட்டரை 250இல் ஒரு பங்குக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் கால் நிற்கும்.

அவருக்கு நான் சொல்வது, வாங்குங்கள். நண்பர் வீட்டுக்குப் போகும்போது உங்கள் பாடியைக் கையோடு எடுத்துப் போங்கள். லென்ஸை மாட்டி, ஜன்னல் பக்கம் திருப்பி, பட்டனைப் பாதி அழுத்துங்கள். உள்ளே "விர்" என்று ஓடி நின்றால் பணத்தைக் கொடுக்கலாம். ஓடாவிட்டாலும் விலை நிஜமாகவே குறைவு என்றால் கையால் ஃபோகஸ் செய்யப் பழகிக்கொள்ளலாம், என் மருமகனுக்குப் பதினாறில் மூன்று வந்தது.

அவருடைய முகவரி என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கும். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டுவிழா தை, மாசியில் வந்துவிடும். அதற்குள் இந்தத் திருத்தம் அவர் கண்ணில் படும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டூடியோக்காரர்,
அம்பாசமுத்திரம்